அதிகாலையில் செவி சாய்த்தவர்

பங்குனி பிறந்துவிட்டால் போதும். கீழ்வானம் வெளுப்பதற்கு முன்பே நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் வேப்பமரத்திலிருந்து குயில் கூவத் தொடங்கிவிடும். அதற்கு முன்னரே எழுந்து பின்கட்டுத் திண்ணையில் வந்து அமர்வது நமது அண்மைக்கால வழக்கம். அருகில், போர்வையைத் தோளில் சுற்றிக்கொண்டு நம் துணைவியார் அமர்ந்திருப்பார். முதற்கூவல் கேட்டதும் நம் பக்கம் திரும்பி, "ஐயா, அது என்ன கூவுது?" என்று கேட்பார். "குயில், அம்மா" என்போம். "குயிலா!" என்று முகம் மலர்வார். சிறிது நேரம்தான் செல்லும். மீண்டும் அதே கேள்வி. மீண்டும் அதே விடை. மீண்டும் அதே மலர்ச்சி.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நம்மை "ஏங்க" என்று அழைத்தவர் அவர். இன்று "ஐயா" என்கிறார். வீட்டிற்கு வந்திருக்கும் மரியாதைக்குரிய அயலார் ஒருவர் என்றே நம்மை எண்ணிக்கொண்டிருக்கிறார். துணியிலிருந்து நூலை ஒவ்வொன்றாக உருவுவதுபோல் நினைவை உருவி எடுக்கும் நோய் அவரைப் பற்றி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. முதலில் பொருள்களின் பெயர்கள் போயின. பின்னர் மக்களின் பெயர்கள் போயின. இறுதியில் நாமும் போனோம்.

இன்று இவ்வளவு அமைதியாக எழுதுகிறோமே தவிர, தொடக்கத்தில் நம்மிடம் அந்த அமைதி இருந்ததில்லை. உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. ஒருநாள் காலை ஏழாவது முறையோ எட்டாவது முறையோ அவர் அதே கேள்வியைக் கேட்டபோது, "இப்பொழுதுதானே சொன்னது! எத்தனை முறை சொல்வது?" என்று குரலை உயர்த்திவிட்டோம். அவர் அடிபட்ட குழந்தைபோல் சுருங்கிப் போனார். "மன்னிச்சிடுங்க ஐயா" என்றார். அன்று மாலை செபமாலையைக் கையில் எடுத்தோம். ஒரு மணியைக்கூட உருட்ட முடியவில்லை.

அந்நாள்களில் நமக்குப் பொறுமையைக் கற்றுத் தந்த ஆசிரியர் ஒருவர் வாய்த்தார். அவரை நாம் நேரில் கண்டதில்லை. அவருடைய மொழியும் நமக்குத் தெரியாது. அவர் 1992ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் பாரிசு நகரை அடுத்த கிளிஷியில் இறைவனடி சேர்ந்தவர். பெயர் ஒலிவியே மெசியான். இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் இசையமைப்பாளர்களுள் ஒருவர், ஆழ்ந்த கத்தோலிக்கர், பறவைகளின் பாட்டைக் கேட்டு எழுதுவதற்காகக் காடு மேடெல்லாம் குறிப்பேட்டுடன் அலைந்தவர். அந்த மென்மையான மனிதரைப் பற்றிய நன்றிக்கடனே இக்கட்டுரை.

நம் பங்கு ஆலயத்தில் முப்பது ஆண்டுகள் ஆர்மோனியம் வாசித்தவர்கள் நாம். இசை நமக்கு ஓரளவு தெரியும் என்ற நினைப்பும் இருந்தது. நம்மிடம் பாட்டுப் பயின்று பின்னர்க் குருவான இளைஞர் ஒருவர், விடுமுறையில் வந்திருந்தபோது, மெசியானின் இசைப்பதிவுகள் சிலவற்றைக் கொடுத்துச் சென்றார். ஆவலுடன் போட்டுக் கேட்டோம். ஐந்து நிமிடங்களில் நிறுத்திவிட்டோம். சுருதி ஒன்றோடொன்று மோதியது. தாளம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது புலப்படவில்லை. "இதுவும் இசையா?" என்று எண்ணி அலமாரியில் வைத்துவிட்டோம். பல மாதங்கள் கழித்து, அவருடைய வாழ்க்கையைப் படித்த பின்னரே அந்தப் பதிவுகளை மீண்டும் வெளியில் எடுத்தோம். மனிதரை அறிந்த பிறகு இசையின் கதவு சற்றே திறந்தது.

1908ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் தெற்குப் பிரான்சின் ஆவிஞோன் நகரில் அவர் பிறந்தார். தந்தை பியேர் மெசியான் ஆங்கில ஆசிரியர்; ஷேக்ஸ்பியரின் நாடகங்களைப் பிரெஞ்சில் பெயர்த்தவர். தாய் செசில் சோவாழ் கவிஞர். மகன் வயிற்றில் இருந்தபோதே அவனைக் குறித்துக் கவிதைகள் புனைந்தவர். முதல் உலகப் போர்க்காலத்தில், தந்தை போர்முனைக்குச் சென்றிருந்தபோது, தாயும் பிள்ளைகளும் ஆல்ப்ஸ் மலையடிவாரத்துக் கிரெனோபிள் நகரில் தங்கினர். பனி மூடிய சிகரங்கள் அந்தச் சிறுவனின் நெஞ்சில் அப்போது இடம் பிடித்தன. இறுதிவரை அவை அங்கிருந்து அகலவில்லை. குடும்பம் பெரும் பக்திக் குடும்பமன்று. ஆயினும் மகனுக்கு மட்டும் விசுவாசம் பிறவிக்கொடையாக வாய்த்தது. தாம் விசுவாசியாகவே பிறந்ததாக அவரே பிற்காலத்தில் கூறுவதுண்டு.

பதினோராம் வயதில் பாரிசின் புகழ்பெற்ற இசைக்கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு இசையமைப்புக் கற்பித்தவர் பால் டூகா என்னும் பெரியவர். பறவைகளுக்குச் செவிகொடுங்கள், அவை பெரும் ஆசான்கள் என்ற பொருளில் டூகா மாணவர்களிடம் சொன்னதுண்டாம். மற்ற மாணவர்கள் அதை ஓர் அழகிய பேச்சாக எடுத்துக்கொண்டிருக்கலாம். மெசியான் அதை வாழ்நாள் பணியாகவே ஏற்றுக்கொண்டார். ஆசிரியரின் வாயிலிருந்து உதிரும் ஒரு சொல் எந்த மாணவரிடத்தில் போய் வேர் பிடிக்கும் என்பதை யாரறிவார்?

1931ஆம் ஆண்டு, இருபத்திரண்டு வயதில், பாரிசில் உள்ள தூய திரித்துவ ஆலயத்தின் ஆர்கன் இசைஞராக அவர் அமர்த்தப்பட்டார். இறக்கும்வரை, அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக, அந்தப் பணியை அவர் விடவில்லை. உலகெங்கும் அவருடைய புகழ் பரவியபின்பும், பாரிசில் இருக்கும் ஞாயிறுகளில் அவரை அந்த ஆர்கனின் முன் காணலாம். அவருடைய புதுமையான சுரக்கோவைகள் பங்கு மக்கள் சிலருக்குப் பிடிக்கவில்லை, முறையீடுகள் எழுந்தன. அவர் சினம் கொள்ளவில்லை; பதவியைத் துறக்கவும் இல்லை. ஒரு திருப்பலிக்குப் பழைய கிரகோரியன் இசை, மற்றொன்றுக்குப் பழம்பெரும் இசைமேதைகளின் படைப்புகள், இன்னொன்றுக்குத் தம் சொந்த இசை என்று பகுத்துக்கொண்டார். பாடகர் குழுவில் யார் முதலில் பாடுவது, யார் ஒலிபெருக்கிக்கு அருகில் நிற்பது என்பதற்கெல்லாம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்ட நம் கதைகள் நமக்குத் தெரியுமாதலின், இதைப் படித்தபோது சற்றே தலைகுனிந்தோம்.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. பார்வை மிகவும் குன்றியவராதலால் மெசியானைப் போர்முனையில் நிறுத்தாமல் மருத்துவப் பிரிவில் துணையாளராகச் சேர்த்தனர். வெர்தன் கோட்டையில் இருந்தபோது எத்தியேன் பஸ்கியே என்ற செல்லோ இசைஞர் அவருக்கு நண்பரானார். விடியற்காலைக் காவல் என்றால் மற்ற வீரர்களுக்கெல்லாம் வெறுப்பு. மெசியானோ அந்தக் காவலை விரும்பி ஏற்றார். ஏனெனில் அந்த வேளையில்தான் முதற்பறவை வாய் திறக்கும்; பின்னர் மற்றொன்று; பின்னர் எல்லாமும் சேர்ந்து ஒலிக்கும். பீரங்கிகள் முழங்கவிருந்த அந்த நாள்களிலும், அந்தப் பதற்றமில்லாத மனிதர், நண்பரையும் அழைத்துக்கொண்டு போய், இருளில் நின்று பறவைகளுக்குச் செவி சாய்த்திருக்கிறார்.

1940ஆம் ஆண்டு கோடையில் செருமானியர் அவர்களைச் சிறைப்பிடித்தனர். அதே கூட்டத்தில் ஆன்றி அகோக்கா என்னும் கிளாரினெட் இசைஞரும் இருந்தார், அவர் யூதர். கைதிகளைத் திறந்தவெளியில் அடைத்து வைத்திருந்தபோது மெசியான் அகோக்காவுக்காகத் தனிக் கிளாரினெட் இசை ஒன்றை எழுதினார். பஸ்கியே இசைத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க, அகோக்கா அந்த வெட்டவெளியிலேயே அதை வாசித்துப் பார்த்தாராம். மிகவும் கடினமாக இருக்கிறது என்று அவர் முணுமுணுக்க, உம்மால் முடியும் என்று மெசியான் ஊக்கினாராம். அந்தப் பகுதிக்கு அவர் இட்ட தலைப்பில் ஆழ்ந்த பாதாளமும் உண்டு; பறவைகளும் உண்டு. பாதாளம் என்பது காலம். அதன் துயரமும் சோர்வும். பறவைகளோ அதற்கு நேர்மாறானவை; ஒளிக்கான நம் ஏக்கம் அவை.

பின்னர்க் கோர்லிட்ஸ் நகரை அடுத்த 'ஸ்டாலாக் 8ஏ' என்னும் முகாமுக்கு அவர்களைக் கொண்டு சென்றனர். பசியும் குளிரும் அங்கே ஆட்சி செய்தன. ஆனால் அம்முகாமின் செருமானியக் காவலர் ஒருவர் மெசியானுக்குத் தாளும் எழுதுகோலும் தந்து, எழுதுவதற்குத் தனிமையும் ஏற்படுத்திக் கொடுத்தார். பகைவர் முகாமிலும் மனிதர் இருந்தார்! அங்கே பிறந்ததுதான் காலத்தின் முடிவைக் குறித்த நால்வர் இசை. திருவெளிப்பாட்டு நூலில், ஒரு காலைக் கடலின்மேலும் மறு காலை நிலத்தின்மேலும் ஊன்றி நிற்கும் வானதூதரின் காட்சியே அதற்கு வித்து. ஏன் எட்டுப் பகுதிகள்? ஏழு என்பது நிறைவின் எண். படைப்பின் ஆறு நாள்களும் ஓய்வு நாளும் சேர்ந்தது. அந்த ஓய்வு நாள் முடிவில்லாமல் நீளும்போது எட்டாவதாகிறது, அதுவே நித்தியம்.

1941ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் மாலை, வெளியே பனி உறைந்து கிடக்க, முகாமின் கொட்டகை ஒன்றில் அது அரங்கேறியது. அகோக்கா கிளாரினெட், பஸ்கியே செல்லோ, ழான் லெ புலேர் வயலின், மெசியான் பியானோ. கேட்டவர்கள் ஐயாயிரம் பேர் என்று மெசியான் பிற்காலத்தில் சொல்வார். உண்மையில் சில நூறு பேரே இருந்திருக்க முடியும் என்று ஆய்ந்தவர்கள் கூறுகின்றனர். செல்லோவில் மூன்று தந்திகளே இருந்தன என்றும் அவர் சொல்வார். இல்லை, நான்கும் இருந்தன என்று பஸ்கியே மறுப்பார். நல்லவர்களின் நினைவும் சில வேளைகளில் இப்படிப் பூச்சூட்டிக்கொள்ளும் போலும்! ஆனால் கைதிகளும் காவலர்களும் ஒரே கொட்டகையில் அமர்ந்து அசையாமல் கேட்டனர் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை. அடுத்த சில மாதங்களில் மெசியான் விடுதலை பெற்றார். அகோக்காவும் பின்னர் ஓடும் தொடர்வண்டியிலிருந்து குதித்துத் தப்பினார்.

இவ்விடத்தில் நம் நாட்டவர் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்று உண்டு. அந்தச் சிறைமுகாம் இசையின் முதற்பகுதியில் விடியற்காலைக் கருங்குருவியும் நைட்டிங்கேலும் பாடும்போது, பின்னணியில் பியானோ நம் நாட்டுத் தாளங்களைத் தட்டிக்கொண்டிருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் இயற்றிய 'சங்கீத ரத்னாகரம்' என்னும் வடமொழி நூலில் 120 தேசி தாளங்களின் பட்டியல் இருக்கிறது. இளம் வயதில் பிரெஞ்சு இசைக் கலைக்களஞ்சியம் ஒன்றில் மெசியான் அப்பட்டியலைக் கண்டார். ராகவர்த்தனம், சந்திரகலா, லக்ஷ்மீசம் ஆகியவை அவர் இசையில் புகுந்த கதை இதுதான். சமமான அடிகளில் நடக்கும் மேலை நாட்டுத் தாளத்தில் அவர் நிறைவு காணவில்லை. காற்றில் அசையும் கிளையையும், கரையை மோதும் அலையையும்போல் நீண்டும் குறுகியும் செல்லும் தாளத்தையே அவர் தேடினார். 1949இல் பாஸ்டன் நகரில் அரங்கேறிய அவருடைய பெரும் சிம்பொனிக்குத் 'துரங்கலீலா' என்று வடமொழிப் பெயரே சூட்டினார். நம் வீட்டுத் தோட்டத்து விதை எங்கோ தொலைநாட்டில் முளைத்திருப்பதைக் கண்டால் வரும் மகிழ்ச்சி இதைப் படித்தபோது நமக்கு வந்தது.

இனி நாம் சொல்லப்போவது நம் நெஞ்சுக்கு மிக நெருங்கியது. மெசியான் 1932இல் கிளேர் டெல்போஸ் என்னும் வயலின் இசைஞரை மணந்தார். அவரும் இசையமைப்பாளரே. திருமணப் பரிசாக வயலினுக்கும் பியானோவுக்கும் ஓர் இசைப்படைப்பை எழுதிக் கொடுத்த கணவர் மெசியான். மனைவியை 'மி' என்று செல்லமாக அழைத்தார். அது வயலினின் உச்சத் தந்திக்குரிய சுரத்தின் பெயர். அந்தப் பெயரைத் தலைப்பில் தாங்கிய ஒன்பது பாடல்களையும் 1936இல் இயற்றினார். திருமண வாழ்வை அருளடையாளமாகப் போற்றும் பாடல்கள் அவை. 1937இல் ஒரு மகன் பிறந்தான். வீடு இசையால் நிரம்பியிருந்தது.

போர் முடியும் தறுவாயில் கிளேருக்கு அறுவை மருத்துவம் ஒன்று நடந்தது. அதன்பின் அவருடைய நினைவு தளரத் தொடங்கியது. மெல்ல மெல்ல எல்லாம் மறந்தது. எஞ்சிய ஆண்டுகளை அவர் மருத்துவ இல்லங்களில் கழிக்க நேர்ந்தது, 1959இல் மறைந்தார். சிறுவனாக இருந்த மகனை வளர்க்கும் பொறுப்பும் மெசியான்மீது விழுந்தது. சிறைமுகாமை வென்று வந்த மனிதருக்கு இல்லத்திலேயே வேறொரு நீண்ட சிறை காத்திருந்தது.

இந்தப் பக்கத்தைப் படித்தபோது நாம் புத்தகத்தை மூடிவிட்டுத் திண்ணையைப் பார்த்தோம். அங்கே நம் துணைவியார், மடியில் கிடந்த துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். உலகம் போற்றும் மேதையும் நம் தெருவில் நடந்த அதே பாதையில் நடந்தவர்தாம் என்று அறிந்தபோது, ஆறுதல் என்று சொல்வதா, துயரம் என்று சொல்வதா, பெயரிட முடியாத ஓர் உணர்வு எழுந்தது.

தம் துயரத்தை மெசியான் ஊரறியப் பேசியவரல்லர். ஆனால் அந்த ஆண்டுகளில் அவர் என்ன செய்தார் என்பதைப் பாருங்கள். 1952இல் ழாக் டெலமேன் என்னும் பறவை அறிஞரை நாடிச் சென்றார். அப்போது அவருக்கு நாற்பத்து மூன்று வயது, உலகறிந்த பேராசிரியர். அந்த வயதில், எந்தக் குரல் எந்தப் பறவையுடையது என்று அரிச்சுவடியிலிருந்து கற்றார். அதன்பின் ஆண்டுதோறும் வசந்தத்தில் காடுகளுக்கும் சதுப்பு நிலங்களுக்கும் மலைச்சரிவுகளுக்கும் கடலோரப் பாறைகளுக்கும் சென்றார். விடியுமுன் போய் அமர்வார். மடியில் இசைத்தாள், கையில் எழுதுகோல். பறவை பாடப் பாட எழுதுவார். மனம் சோர்ந்து தம் இசை எல்லாம் வீண் என்று தோன்றும் வேளைகளில், காட்டிலும் வயலிலும் மலையிலும் கடற்கரையிலும் பறவைகளின் நடுவே இசையின் மறந்துபோன மெய்ம்முகத்தைத் தேடிச் செல்வதைத் தவிர வேறு வழியில்லை என்னும் கருத்தை அவரே எழுதியிருக்கிறார்.

பறவையின் பாட்டை அப்படியே எழுதுவது எளிதன்று. அது மிக விரைவானது. மனிதக் கருவிகள் எட்ட முடியாத உச்சத்தில் ஒலிப்பது. நம் அரைச்சுரங்களைவிட நுண்ணிய இடைவெளிகளை உடையது. எனவே அவர் வேகத்தைக் குறைத்தார். சுரத்தானத்தைக் கீழே இறக்கினார். இடைவெளிகளை ஒரே அளவில் விரித்தார். சின்னஞ்சிறு எழுத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் காட்டுவது போன்ற பணி இது. இப்படித் திரட்டியவற்றிலிருந்து 1956 முதல் 1958 வரை பியானோவுக்காகப் 'பறவைகளின் பட்டியல்' என்ற பெருநூலை உருவாக்கினார். பதின்மூன்று இசைச்சித்திரங்கள், ஒவ்வொன்றும் பிரான்சின் ஒரு நிலப்பகுதிக்கும் அதன் பறவைக்கும் உரியது. நாணற்காட்டுக் குருவி ஒன்றைப் பற்றிய மிக நீண்ட சித்திரத்தில், நள்ளிரவு தொடங்கி இருபத்தேழு மணிநேரம் ஒரு குளக்கரையில் நடப்பவற்றையெல்லாம் ஏறத்தாழ அரைமணி நேரத்துக்குள் அடக்கினார். 1956இல் அரங்கேறிய 'அயல்நாட்டுப் பறவைகள்' என்னும் படைப்பில் நம் நாட்டு மைனாவும் குரல் கொடுக்கிறது.

கிளேர் மறைந்தபின், 1961இல், தம் முன்னாள் மாணவியும் ஒப்பற்ற பியானோ இசைஞருமான இவோன் லோரியோவை மெசியான் மணந்தார். பறவைகளைத் தேடிய பயணங்களில் லோரியோவும் ஒலிப்பதிவுக் கருவியுடன் உடன் சென்றார்.

மாணவர்களிடத்தும் அவர் மென்மையாளர். தமது பாணியை எவர்மீதும் திணித்ததில்லை. பியேர் பூலெஸ் என்னும் மாணவர் இளமை வேகத்தில் ஆசிரியரின் இசையையே கடுஞ்சொற்களால் எள்ளி நகையாடினார். மெசியான் பதிலுக்கு ஒரு கடுஞ்சொல்லும் வீசவில்லை. அந்த மாணவரின் திறமையைத் தொடர்ந்து போற்றினார். பிற்காலத்தில் அதே பூலெஸ் ஆசிரியரின் படைப்புகளைத் தாமே முன்னின்று அரங்கேற்றினார். வாதாடி வெல்வது ஒரு வகை. காத்திருந்து வெல்வது மற்றொரு வகை. சாந்த குணத்தோர் மண்ணுலகை உரிமையாக்கிக்கொள்ளும் முறை இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

முதுமையில் அவர் மேற்கொண்ட மாபெரும் பணி, அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் பற்றிய இசைநாடகம். பாடல் வரிகளையும் தாமே எழுதினார். நாடகத்தில் வரும் வானதூதருக்கு உரிய பறவையின் குரலைக் கேட்பதற்காகவே பசிபிக் பெருங்கடலில் உள்ள நியூ கலிடோனியாத் தீவுவரை சென்றார். எட்டு ஆண்டுகள் உழைத்து முடித்த அந்நாடகம் 1983ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் பாரிசில் அரங்கேறியது. நான்கு மணிநேரத்துக்கும் மேல் நீளும் அதன் ஆறாம் காட்சியில் பிரான்சிஸ் பறவைகளுக்கு மறையுரை ஆற்றுகிறார், பறவைகளும் விடையிறுக்கின்றன. ஆனால் நம்மைத் தொட்டது மூன்றாம் காட்சிதான். தொழுநோயாளரைக் கண்டாலே அருவருப்புக் கொண்ட பிரான்சிஸ், முணுமுணுத்துக்கொண்டும் சினந்துகொண்டும் இருக்கும் ஒரு தொழுநோயாளரை இறுதியில் கட்டியணைத்து முத்தமிடுகிறார். நோயாளர் நலமடைகிறார். உண்மையில் அங்கே நலமடைந்தவர்கள் இருவர் அல்லரோ?

அமெரிக்காவின் உட்டா மாநிலத்துச் செந்நிறப் பள்ளத்தாக்குகளை 1972இல் கண்டு வியந்து அவர் ஓர் இசைப்படைப்பு எழுதினார். அதற்கு நன்றியாக அம்மாநிலத்தில் ஒரு மலைக்கு 1978இல் அவர் பெயர் சூட்டப்பட்டது. மறுமையின் ஒளியைப் பற்றிய அவருடைய இறுதிப் பெரும்படைப்பு, அவர் மறைந்த பிறகு 1992 நவம்பரில் நியூயார்க்கில் அரங்கேறியபோது, இசைக்குழுவை நடத்தியவர் நம் நாட்டில் பிறந்த சுபின் மேத்தா. சிறுவயதில் நெஞ்சில் பதிந்த அதே மலைநாட்டில், ஓர் ஏரியின் அருகே உள்ள சிற்றூரில் மெசியான் துயில்கொள்கிறார். அவருடைய கல்லறைக் கல் ஒரு பறவையின் வடிவில் செதுக்கப்பட்டிருக்கிறது.

அன்பர்களே, இவ்வளவையும் நாம் சொன்னதற்குக் காரணம் ஒன்றே. ஒரு குருவி ஒரே பாட்டை ஒரு காலையில் நூறுமுறை பாடும். மெசியான் ஒருமுறைகூட, "இதைத்தான் நேற்றே கேட்டாயிற்றே" என்று எழுந்து போகவில்லை. நூறாவது முறையும் முதன்முறை கேட்பதுபோல் கேட்டார். கேட்டதை எழுதினார். பறவை தமக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றோ, தம்மை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்றோ அவர் எதிர்பார்த்ததில்லை. அது பாடுவதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

நாம் எதிர்பார்த்தோம். நம் துணைவியார் நம்மை அறிய வேண்டும். நம் விடையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நாம் படும் பாட்டை உணர வேண்டும் என்றெல்லாம் எதிர்பார்த்தோம். எதிர்பார்ப்பு பொய்த்தபோது குரல் உயர்ந்தது. இதை உணர்ந்த பிறகு ஒரு குறிப்பேடு வாங்கினோம். சில வேளைகளில் அவர் தம்மையறியாமல் ஏதோ ஒரு மெட்டை முணுமுணுப்பார். நம் பாடகர் குழுவில் அவர் இருபது ஆண்டுகள் பாடியவர். சொற்கள் போய்விட்டன; சுரங்கள் சில எஞ்சியிருக்கின்றன. ஒரு திருவிருந்துப் பாட்டின் முதலடி வரும், நடுவில் அது ஒரு தாலாட்டாக மாறும், பின்னர் நின்றுவிடும். திருத்தாமல், எடுத்துக் கொடுக்காமல், கேட்டபடியே சுரக்குறிப்பில் எழுதி வைக்கிறோம். நாற்பதுக்கு மேற்பட்ட பக்கங்கள் நிறைந்திருக்கின்றன. இத்தனை ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தும் அவர் குரலை இவ்வளவு கவனத்துடன் நாம் கேட்டதில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

இதனால் அவருடைய நோய் தணிந்துவிடவில்லை. புதுமை எதுவும் நிகழவில்லை. அப்படி எழுதினால் அது பொய்யாகும். சில இரவுகள் இன்னும் கடினமாகவே கழிகின்றன. "எங்க வீட்டுக்குக் கொண்டுபோய் விடுங்க ஐயா" என்று சொந்த வீட்டில் இருந்துகொண்டே அவர் அழும்போது நமக்கும் கண் கலங்கும். மகனும் மருமகளும் வந்து தாங்கவில்லையென்றால் நாமும் முறிந்திருப்போம். ஆயினும் அந்தக் காலைக் கேள்வி மட்டும் நமக்கு இப்போது சுமையாக இல்லை. வானத்துப் பறவைகளை உற்றுநோக்குங்கள் என்று ஆண்டவர் மலையில் அமர்ந்து சொன்னபோது, கவலையை விட்டுவிடுவதற்கு மட்டுமே அதைச் சொன்னார் என்று எண்ணியிருந்தோம். பக்கத்தில் இருப்பவரை உற்றுநோக்கப் பழகுவதற்கும் அது பயிற்சி என்பது இப்போது விளங்குகிறது.

மெசியானின் இசை இன்றும் நமக்கு முழுவதும் விளங்கிவிட்டது என்று சொல்ல மாட்டோம். ஆனால் அந்தச் சிறைமுகாம் இசையின் இறுதிப் பகுதியில், வயலின் தனியாக மேலே மேலே ஏறிச் சென்று, எட்ட முடியாத உயரத்தில் மெலிந்து மறையும்போது, கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிடுகிறோம். அருகில் அமர்ந்திருப்பவரும் பேச்சை நிறுத்திக் கேட்கிறார். அவருக்கு என்ன விளங்குகிறதோ இறைவனுக்கே வெளிச்சம்.

நாளைக் காலையும் குயில் கூவும். "ஐயா, அது என்ன கூவுது?" என்ற கேள்வி வரும். அப்போது, அக்கேள்வியை முதன்முதலாகக் கேட்பவர்போல் திரும்பி, "குயில், அம்மா" என்று சொல்லும் அருளை மட்டும் ஒவ்வோர் இரவும் கேட்டுக்கொண்டு கண்ணயர்கிறோம்.